டேபிள் சா வாங்கப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய மூன்று மெஷின்களின் படங்களையும் பார்த்தேன். மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம். முதல் இரண்டும் வேண்டாம். விலை குறைவு, மோட்டார் பெரிது என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் சரிதான். ஆனால் ஒன்றில் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் இல்லை. இன்னொன்றில் மரத்தைச் சார்த்தித் தள்ளும் ஃபென்ஸ் முன்பக்கம் மட்டும்தான் பிடிக்கிறது, பின்முனை சும்மா தொங்குகிறது. இந்த இரண்டில் எது குறைந்தாலும், அந்த மெஷினை யாராவது இனாமாகக் கொடுத்தால்கூட வீட்டுக்குள் ஏற்றாதே.

அதற்கு முன் ஒரு கேள்வி. எதை அறுக்கப் போகிறாய்? புத்தக அலமாரி, பால்கனிக்குச் செடி ஸ்டாண்டு, அம்மாவின் பூஜை அறைக்கு ஒரு சின்ன மாடம். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. இதை வைத்துத்தான் மெஷினை முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் அவர் கையில் இருப்பதை வைத்து முடிவு செய்வார்.

அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட் வேண்டும், நம் ஆசாரிகள் கணக்கில் ஆறு நூல். முழு ஷீட் எட்டுக்கு நாலு, எடை முப்பது கிலோவைத் தாண்டும். நீ பார்க்கும் சின்ன டேபிள் சாவின் மேசை ஏறக்குறைய இரண்டடிச் சதுரம். அதன் மேல் எட்டடிப் பலகையை ஒற்றை ஆளாகத் தள்ள முடியாது. பாதி ஷீட் மேசையைத் தாண்டித் தொங்கும், நீ அதைத் தூக்கிப் பிடிப்பாயா, ஃபென்ஸோடு ஒட்டித் தள்ளுவாயா? பலகை லேசாகத் திரும்பினால் போதும், பிளேடு கவ்விக்கொள்ளும். பிளைவுட் வாங்கும் கடையிலேயே பேனல் சா இருக்கிறதா என்று கேள். பெரிய கடைகள் பலவற்றில் உண்டு. வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, நீ எழுதித் தரும் அளவுக்கு அறுத்துத் தருவார்கள். ஓரம் சிலும்பாமல், மூலை சரியாக, உன் கையால் வருவதைவிட நன்றாக வரும். ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு 3 மி.மீ. தின்றுவிடும் என்பதைக் கணக்கில் வைத்து அளவு எழுது.

பெரிய வெட்டைக் கடைக்குத் தள்ளிவிட்டால், பெரிய மெஷின் தேவையே இல்லாமல் போகிறது. மீதி இருப்பதெல்லாம் சின்ன வேலை. அலமாரி முகப்பில் ஒட்டும் ஒண்ணரை அங்குலச் சட்டங்கள், பிளை ஓரத்தை மறைக்கும் தேக்குப் பட்டிகள், டிராயருக்கான பக்கப் பலகைகள், செடி ஸ்டாண்டுக்கு ஒரே அகலத்தில் இருபது ரீப்பர். டேபிள் சாவுக்கு நிகராக எதுவும் நிற்க முடியாத இடம் இதுதான். ஃபென்ஸை ஒருமுறை 38 மி.மீ.க்கு வைத்துவிட்டால் முதல் ரீப்பரும் இருபதாவது ரீப்பரும் ஒரே அகலம். கை ரம்பத்தில் இது எத்தனை வருஷப் பழக்கத்தில் வரும் என்று எந்த ஆசாரியிடமும் கேட்டுப் பார். உன் அலமாரி ஒன்றோடு ஆசை தீர்ந்துவிடும் என்று தோன்றினால், ஒரு நல்ல சர்க்குலர் சாவும் நேரான அலுமினியப் பட்டையும் இரண்டு கிளாம்பும் போதும். ஆனால் நீ எழுதிய பட்டியலைப் பார்த்தால் சட்டமும் ரீப்பரும்தான் அதிகம். அதனால் டேபிள் சா என்ற உன் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

இப்போது உன் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரிக்கு வருகிறேன். பக்கத்து ஃபிளாட்டில் இன்டீரியர் வேலை செய்தவர்கள், மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, டேபிள் சா மாதிரி வைத்திருந்தார்கள், செலவு ரொம்பக் கம்மி, அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய்.

கூடாது. அந்த அமைப்பை நான் எத்தனையோ வீடுகளில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு துண்டுப் பிளைவுட்டில் நீளமாக ஒரு வாய். அதற்கு அடியில் நாலு அங்குலக் கட்டர், ஸ்குரு போட்டுப் பிடித்திருக்கும். கல் அறுக்கும் பிளேடுக்குப் பதில் மரம் அறுக்கும் பல் பிளேடு. சுவிட்ச் எப்போதும் ஆன், பலகைக்கு அடியில் லாக் ஆகியிருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் பிளக்கைத் தேடிப் போக வேண்டும். மேலே மூடி கிடையாது, ரைவிங் நைஃப் கிடையாது. கைடு என்பது ஆணி அடித்த ஒரு ரீப்பர். அதில் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஒரு நாளுக்கு இத்தனை அடி முடித்தாக வேண்டும் என்று அவர்களுக்கு நெருக்கடி, நல்ல மெஷின் வாங்கித் தர ஆள் இல்லை. அவர்களுடைய கைப்பழக்கத்துக்கே அது விரல் கேட்கிற அமைப்பு. மாதம் ஒருமுறை மெஷினைத் தொடும் உனக்கு அந்தப் பழக்கமும் இருக்காது. எவ்வளவு மிச்சமானாலும் அது வேண்டாம்.

ரைவிங் நைஃப் என்று இத்தனை தரம் சொல்கிறேனே, அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நீயே கடையில் முதலில் அதைத்தான் தேடுவாய். டேபிள் சாவில் பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி, உன்னைப் பார்த்து இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, தூக்குவதில்லை. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் கொஞ்சம் கோணிப் பின்பக்கப் பற்களில் உரசினால், அவை மரத்தைத் தூக்கி, உன் பக்கமாகவே வீசிவிடும். பத்து அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். நான் வேலை செய்த ஒரு பட்டறையில், மெஷினுக்கு எதிரே இருந்த பிளைவுட் கதவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. ஒரு முழ நீள ரீப்பர் எகிறிப் போய்க் குத்தியது. அந்த நேரத்தில் பிளேடின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கவில்லை.

மரம் ஏன் கோணுகிறது? மரத்துக்குள்ளேயே இழுவிசை இருக்கிறது. ஈரம் வற்றாத வேம்பை நீளவாக்கில் அறுத்துப் பார், அறுபட்ட இரண்டு பாதியும் உள்நோக்கி வளைந்து பிளேடைக் கவ்வும். காய்ந்த மரமும் சில நேரம் அப்படிச் செய்யும். ரைவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால், பிளேடின் வளைவை ஒட்டி நிற்கும் ஒரு எஃகுத் தகடு. பிளேடு ஏறினால் அதுவும் ஏறும், பிளேடு சாய்ந்தால் அதுவும் சாயும். அறுபட்ட வாய்க்குள் அது நுழைந்து நிற்பதால் மரம் மூடிக்கொள்ள முடியாது, பலகை திரும்பிப் பின்பற்களில் போய் மோதவும் முடியாது. ஒரு சின்னத் தகடு, ஆனால் மரம் எகிறும் விபத்துகளில் பெரும்பகுதியை அதுதான் தடுக்கிறது. பழைய மெஷின்களில் பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்காத, தனியாக முடுக்கிவைக்கும் தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள், திரும்ப மாட்ட மாட்டார்கள். அந்த வகை வேண்டாம்.

இதில் இன்னொன்றைக் கவனி. நைஃபின் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும். உன் பிளேடின் பல் அகலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், பிளேடின் உடல் தகடு அதைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். பல் அகலம் குறைந்த பிளேடை மாட்டினால் மரம் நைஃபில் இடித்து நின்றுவிடும். அப்போது முரட்டுத்தனமாகத் தள்ளத் தோன்றும். பிளேடுக்கு அருகில் முரட்டுத்தனமாகத் தள்ள வேண்டிய நிலை எப்போது வந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டுக் காரணத்தைப் பார்.

அடுத்து ஃபென்ஸ். விலை மலிந்த மெஷின்களில் கம்பெனிகள் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் மோட்டாரின் வாட்ஸைப் பெட்டியில் பெரிதாக அச்சிடலாம், ஃபென்ஸின் நேரை அச்சிட முடியாது. கடையில் இதை நீயே சோதித்துவிடலாம், ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். மேசையில் பிளேடுக்கு இணையாக ஒரு காடி ஓடும், குறுக்கு வெட்டுக்கு மரத்தைப் பிடிக்கும் மைட்டர் கேஜ் வழுக்கிப் போகும் காடி. ஃபென்ஸை அந்தக் காடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பூட்டு. காடியின் விளிம்பிலிருந்து ஃபென்ஸுக்கு முன்பக்கம் ஒரு அளவு எடு, பின்பக்கம் ஒரு அளவு எடு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு மயிரிழை கூடினால் பொறுத்துக்கொள்ளலாம். குறைந்தால், அதாவது ஃபென்ஸ் பின்னால் பிளேடை நோக்கிச் சாய்ந்தால், மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகும். இப்போது பூட்டைத் திறந்து, ஃபென்ஸை நகர்த்தி, மறுபடி கொண்டுவந்து பூட்டி அள. இன்னொரு முறையும் செய். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வந்தால் அந்த மெஷினில் நீ அறுக்கும் எந்த இரண்டு ரீப்பரும் ஒன்றாக இருக்காது. கடைசியாக, பூட்டிய ஃபென்ஸின் பின்முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார். அசைந்தால் வேண்டாம்.

டிவால்ட்டின் சின்ன மெஷின்களில் முன்பக்கக் குமிழைத் திருகினால் பல்சக்கரமும் பல்தண்டும் சேர்ந்து ஃபென்ஸின் இரண்டு முனைகளையும் ஒன்றாக நகர்த்தும். அதனால் ஃபென்ஸ் இணைகோட்டை விட்டு விலகாது. அந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். போஷ், மகீட்டா மெஷின்களில் அமைப்பு வேறு, ஆனால் மேலே சொன்ன சோதனையில் தேறினால் அவற்றையும் நம்பி வாங்கலாம். பெயர் தெரியாத மெஷினும் தேறினால் எனக்கு மறுப்பில்லை. பெயரைப் பார்த்துச் சோதனையை விட்டுவிடாதே.

பிளேடு அளவு எட்டேகால் அங்குலம் என்றாலே உன் வேலைக்குத் தாராளம். அது இரண்டரை அங்குலக் கனம் வரை அறுக்கும். உன் பட்டியலில் ஒண்ணரை அங்குலத்தைத் தாண்டும் மரமே இல்லை. அந்த அளவு மெஷின் இருபது கிலோவைச் சுற்றி இருக்கும், நீ ஒருத்தியே அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்துப் பால்கனிக்குக் கொண்டுபோகலாம். பத்து அங்குல மெஷின் மூன்று அங்குலத்துக்கு மேல் அறுக்கும், பிளேடு எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் ஸ்டாண்டோடு சேர்த்தால் மாடிப்படியில் இரண்டு ஆள் வேலை. எட்டேகால் கிடைத்தால் அதை எடு. கிடைக்காவிட்டால் பத்து.

மின்சாரம். 1,500 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. ஹாலில் போன் சார்ஜ் போடும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. கீசருக்கோ ஏசிக்கோ போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். பால்கனிக்கு எக்ஸ்டென்ஷன் இழுத்தால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், எர்த்தோடு மூன்று கோர். சுருட்டி வைத்த வயரில் ஓட்டாதே, சூடேறும், முழுவதும் பிரித்துப் போடு. சாஃப்ட் ஸ்டார்ட் உள்ள மெஷின் என்றால் எம்சிபி விழாமல் இருக்கும், மெஷினும் உதறாது. அமெரிக்காவில் இருக்கும் உன் பெரியம்மா மகன் அங்கே மலிவு என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அங்கே 120 வோல்ட். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுவது வீண் செலவு. பிளேடும் அங்கிருந்து வேண்டாம். அவர்கள் பிளேடின் நடுத் துளை 5/8 அங்குலம், இங்கே விற்கும் மெஷின்களில் 25.4 அல்லது 30 மி.மீ. தண்டு.

மெஷினோடு வரும் பிளேடைப் பழகுவதற்கு வைத்துக்கொள். பிறகு நாற்பது பல் கொண்ட கார்பைடு பிளேடு ஒன்று, நல்லதாக, விலையைப் பார்க்காமல் வாங்கு. ரீப்பர் கிழிக்கவும் குறுக்கே அறுக்கவும் இரண்டுக்கும் அது பழுதில்லாமல் போகும். மைக்கா ஒட்டிய பிளையை அறுத்தால் அறுபது பல் தேவைப்படும், அதைத் தேவை வரும்போது பார்க்கலாம். மழுங்கிய பிளேடு ஆபத்து என்பதை மட்டும் மறக்காதே. அறுக்காத பிளேடை நாம் அறுக்கவைக்க அழுத்துவோம், அப்போதுதான் கை வழுக்கும்.

கையைப் பற்றி எழுதும்போது ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. இயற்பியல் படித்துவிட்டுக் காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர், பொழுதுபோக்குக்கு மரவேலை. 1999-ல் ஓரிகனில் தன் பட்டறையில் ஒரு யோசனை வந்தது. பிளேடில் ஒரு சின்ன மின்சமிக்ஞையை ஓடவிட்டு, மனித உடல் தொட்டதும் அது மாறுவதைக் கண்டுபிடித்தால் பிளேடை நிறுத்திவிடலாமே என்று. உடல் தொட்டு ஆயிரத்தில் ஐந்து நொடிக்குள் ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து அதை நிறுத்திவிடும், பிளேடும் மேசைக்குக் கீழே இறங்கிவிடும். சாஸ்டாப் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஓடும் பிளேடில் சாஸேஜைத் தொட்டுக் காட்டும் அவர்களுடைய செய்முறையை நீ யூடியூபில் பார்க்கலாம். சாஸேஜில் ஒரு கீறல்தான் விழும். அமெரிக்காவில் டேபிள் சாவால் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 பேர் அவசரச் சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். உன் பட்ஜெட்டில் அந்த மெஷின் வராது. வராத காரணத்தால், அது செய்யும் வேலையை நீ பழக்கத்தால் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் பழக்கங்களை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள். பிளேடிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கை போகாது என்று முடிவு செய். அதற்குள் போக வேண்டியதைத் தள்ளுகட்டை தள்ளட்டும், மிச்சப் பிளைவுட்டில் நீயே இரண்டு மூன்று வெட்டி வைத்துக்கொள். பிளேடு மரத்துக்கு மேல் இரண்டு நூல் தெரிந்தால் போதும். நிற்கும்போது பிளேடின் நேருக்கு இடப்பக்கம் விலகி நில். ஃபென்ஸும் இல்லாமல் மைட்டர் கேஜும் இல்லாமல் வெறும் கையால் எதையும் அறுக்காதே, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கேயும் அறுக்காதே. அறுபட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் இடையே சிக்கி எகிறும். கையுறை போடக் கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடும். துப்பட்டா, வளையல், தொங்கும் ஹெட்ஃபோன் வயர் எல்லாம் உள்ளே இருக்கட்டும். பின்னலை முடிந்துகொள். பிளேடு மாற்றும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிக் கண்ணெதிரே வை.

மரத்தூளைச் சின்ன விஷயமாக எண்ணாதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. என்95 மாஸ்க் போடு, மெஷினின் தூள் வாயில் வாக்குவம் குழாயை மாட்டு. சத்தம் கீழ்வீடு வரை கேட்கும். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்துச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடு, கீழ்வீட்டுப் பாட்டியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவை. உன் காதுக்கு இயர் மஃப்.

இடித்த வீட்டுத் தேக்குச் சட்டங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று எழுதியிருந்தாய். அருமையான மரம், இனி அந்த மாதிரி நெருக்கமான ரேகை கிடைக்காது. வாங்கு. ஆனால் மெஷினில் ஏற்றும் முன் ஒரு காந்தத்தை நாலு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பார். தலை முறிந்த பழைய ஆணி வெளியே தெரியாது, காந்தம் சொல்லிவிடும். கார்பைடு பல் அதில் பட்டால் உதிரும், உதிர்ந்த பல் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் ரைவிங் நைஃபும் பிளேடு மூடியும் கையில் இருந்தால்தான். அவை எங்கோ வீட்டில் இருக்கின்றன, அப்புறம் தருகிறேன் என்பார்கள், நம்பாதே. புதிது என்றால் ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷும் சேர்த்து வாங்கு. இந்த மோட்டார்களில் தேய்வது அதுதான், உன் வேலைக்கு வருஷக்கணக்கில் வரும். உன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பில் போடும் முன் கேள்.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது ஸ்டீல் ஸ்கேலும் மூலைமட்டமும் பையில் வைத்துக்கொள். மூலைமட்டத்தைப் பிளேடோடு ஒட்டி நிறுத்தித் தொண்ணூறு டிகிரியையும் பார்த்துவிடு. பெட்டியைத் திறந்து காட்ட மாட்டேன் என்று சொன்னால் அடுத்த கடைக்கு நட. சோதித்துப் பார்க்கும்போதே எனக்கு வீடியோ கால் போட்டாலும் சரி, மதியம் வீட்டில்தான் இருப்பேன். அலமாரி வைக்கப்போகும் சுவரின் அகல உயரத்தையும் அனுப்பு, பிளைவுட் கடைக்குக் கொடுக்க வேண்டிய கட்டிங் லிஸ்ட்டை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா